மில் சங்கும் கிராம்ஃபோர்டு மணியும்: ஒரு மில்காரனின் இங்கிலாந்து நாட்குறிப்பு

ஞாயிறு, டெர்பி

நாட்டிங்ஹாமில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து டெர்பிக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் ரிங் பிரேம் என்ற நூற்பு எந்திரத்தின் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மில் என்ற ஒன்று எங்கே, எதனால் முளைத்தது என்று பார்க்க நெடுநாள் ஆசை. "ஊர்ல பார்த்த மில்லு பத்தாதாப்பா?" என்று மகள் கேட்டாள். பத்தாதுதான்.

டெர்வென்ட் ஆற்றங்கரையில் செங்கல் கோபுரத்தோடு நிற்கிறது பட்டு ஆலை. ஜான் லோம்ப் என்பவர் இத்தாலிக்குப் போய் பட்டு முறுக்கும் எந்திரங்களின் அமைப்பைத் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டு வர, அவருடைய அண்ணன் தாமஸ் லோம்ப் பணம் போட்டுக் கட்டிய இடம். 1721-இல் வேலை முடிந்தது. ஒரே கூரை, ஒரே நீர்ச்சக்கரம், அதனோடு பிணைக்கப்பட்ட எந்திரங்கள், சம்பளத்துக்கு வந்து போகிற சுமார் 300 பேர். இத்தாலிக்காரர்கள் ஆள் அனுப்பி ஜானுக்கு விஷம் வைத்துப் பழிதீர்த்தார்கள் என்றொரு கதை ஊரில் உலவுகிறது. நல்ல கதை, அவ்வளவுதான். 1910-இல் தீப்பிடித்ததில் பழைய கட்டடத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இப்போது உள்ளே கைவினை, உற்பத்தி பற்றிய அருங்காட்சியகம்.

இவ்வளவு இருந்தும் இந்த ஆலை உலகத்தைப் புரட்டவில்லை. பட்டு எத்தனை பேர் உடுத்துவார்கள்? புரட்டியது பருத்தி. பருத்திக் கதைக்கும் அதே 1721-தான் முக்கியமான வருடம். அந்த வருடம் இங்கிலாந்து நாடாளுமன்றம் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடை போட்டது. யாருடைய துணிக்குப் பயந்து? நம்முடையதற்கு. கோரமண்டல் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாகக் கொண்டுபோன துணி அங்கே சீமாட்டி முதல் வேலைக்காரி வரை எல்லோரையும் மயக்கியிருந்தது. சென்னைக் கோட்டையின் முதல் வியாபாரமே துணிதான். நெசவாளர்களைக் குடியேற்றவே கம்பெனி 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது. லண்டன் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலகம் செய்ய, தடை வந்தது.

தடை போட்டால் ஆசை போய்விடுமா? அந்தத் துணியை நாமே செய்தால் என்ன என்று கணக்குப் போட்டவர்களுக்கு ஒரு சிக்கல். இங்கிலாந்துக் கைராட்டையில் நூற்ற பருத்தி நூல் ஊடைக்கு, அதாவது குறுக்கு இழைக்கு ஆகும், பாவுக்கு, அதாவது நெடுக்கு இழைக்கு ஆகாது. பாவு நூல் தறியின் இழுவிசையைத் தாங்க வேண்டும். அதனால் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர்கள் பாவுக்கு லினன், ஊடைக்குப் பருத்தி என்று கலந்து நெய்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விரலால் செய்த வேலையை அங்கே எந்திரத்தால் செய்ய வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கூலி அதிகம், நம் நாட்டில் குறைவு. ஆளுக்குக் காசு கொடுத்துக் கட்டாது, எந்திரத்துக்குக் காசு போட்டால் கட்டும் என்ற நிலை அங்கே இருந்தது, இங்கே இல்லை. 'வெள்ளைக்காரன் மூளை' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவதில் பாதிக்கு மேல் இந்தக் கூலிக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

திங்கள், கிராம்ஃபோர்டு

டெர்பியிலிருந்து மேட்லாக் போகும் சின்ன ரயில். பள்ளத்தாக்கு, சுண்ணாம்புப் பாறை, மரங்கள். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் இங்கே ஆலை கட்ட வந்தபோது இது ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் குக்கிராமம். ஆர்க்ரைட் பிரஸ்டன் ஊர்க்காரர். முடி திருத்துபவர், ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கூந்தலை விலைக்கு வாங்கிப் பொய்முடி செய்து விற்றவர். 1769-இல் உருளைகளால் நூற்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை அவருடையதா, வேறொருவருடையதா என்று நீதிமன்றம் வரை போய், 1775-இல் வாங்கிய அடுத்த காப்புரிமை 1785-இல் ரத்தானது. மறு வருடமே அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்ததுதான் வேடிக்கை.

இந்த மூலைக்கு ஏன் வந்தார் என்று நடந்து பார்த்தால் தெரிகிறது. ஈயச் சுரங்கத்திலிருந்து வடிகால் வழியாக வரும் நீர் வெதுவெதுப்பானது, குளிர்காலத்திலும் உறையாது. வருடம் முழுக்கச் சக்கரம் சுற்றும். ராட்டைக்காரர்கள் எந்திரத்தை உடைக்கும் லங்காஷயரிலிருந்து தள்ளி இருக்கிறது. சுரங்கத்துக்குப் போகும் ஆண்களின் மனைவி மக்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். பிற்பாடு 1840-களில் வேறொரு சுரங்க வடிகால் அந்த நீரை இழுத்துக்கொண்டதும் இங்கே நூற்பு படுத்துவிட்டது.

1771 டிசம்பரில் டெர்பி பத்திரிகையில் அவர் கொடுத்த விளம்பரம் பிரசித்தம். பல்சக்கரம் தெரிந்த கடிகாரக் கைவினைஞர் இருவர் தேவை, கொல்லர் தேவை, மரம் கடைபவர்கள் தேவை, நெசவாளர்களுக்கு வேலை உண்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை உண்டு. என்ஜினீயர் என்றொரு தொழிலே அப்போது சரியாக உருவாகவில்லை. எந்திரம் செய்யக் கடிகாரக்காரனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அதே விளம்பரத்தின் வாலில் பெண்களும் குழந்தைகளும். ஆலையின் இரண்டு பாதிகளும் அந்தச் சில வரிகளில் இருக்கின்றன.

ஆலை வளாகத்தைப் பார்த்தால் எனக்குக் கோட்டைதான் நினைவுக்கு வந்தது. சாலைப் பக்கம் தரைத்தளத்தில் சன்னல் கிடையாது. 1779-இல் சோர்லி பக்கம் அவருடைய இன்னொரு ஆலையைக் கூட்டம் கொளுத்தியது. அடுத்தது இங்கேதான் என்று பயந்து துப்பாக்கிகளும் பீரங்கியும் தயார் செய்ததாக அக்காலக் கடிதங்கள் சொல்கின்றன. கூட்டம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது ஆலை அல்ல, நார்த் ஸ்ட்ரீட். 1776 வாக்கில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மூன்றடுக்கு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மேல்தளத்தில் மட்டும் நீளமான சன்னல் வரிசை. அங்கே தறி. பெண்டாட்டி பிள்ளைகள் ஆலையில் நூல் நூற்க, புருஷன் வீட்டு மாடியில் தறியில் உட்கார்ந்து நெய்ய வேண்டும் என்று திட்டம் போட்டுக் கட்டிய வீடு இது. நூற்பு எந்திரத்துக்கு வந்துவிட்டது, நெசவு இன்னும் வரவில்லை என்ற அந்தச் சில பத்தாண்டுகளைக் கல்லில் பார்க்கலாம். பெரிய குடும்பமாகத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தார்கள். அப்பனுக்காக அல்ல, பிள்ளைகளுக்காக.

ஆலை இரவும் பகலும் ஓடியது. பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு ஷிப்ட். காலையும் மாலையும் மணி அடிக்கும், ஆறு மணிக்குக் கதவு சாத்தப்படும், பிந்தி வந்தவனுக்கு அன்றைய கூலி போச்சு என்று இங்கே சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மணிக்குப் பதில் சங்கு. மில் சங்கு ஊதினால் டீக்கடைக்காரர் உலை வைப்பார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்பும், மில்லுக்குப் போகாதவர்களும் அதை வைத்தே பொழுதை அளப்பார்கள். சங்குக்கு முன்னால் ஊர் எப்படிப் பொழுதை அளந்தது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. இங்கிலாந்தில் கைத்தறிக்காரன் திங்கள்கிழமையைச் 'செயின்ட் மண்டே' என்று சொல்லிக் குடித்துக் கழிப்பான். வார நடுவில் மெல்லத் தொடங்கி, வெள்ளி சனியில் இராப்பகலாக நெய்து முடிப்பான். மொத்த வேலை குறைவில்லை, ஆனால் எப்போது செய்வது என்பது அவன் கையில். நீர்ச்சக்கரம் அப்படிக் காத்திருக்காது. உருளையால் நூல் இழுப்பதைவிட, ஒரு ஊரையே ஆறு மணிக்கு வாசலில் நிறுத்துவதுதான் ஆர்க்ரைட் செய்த கடினமான வேலை.

வளாகத்து டீக்கடையில் ஸ்கோன் சாப்பிட்டேன். காய்ந்த பன்.

செவ்வாய், ஸ்டயல்

மான்செஸ்டருக்கு மாறிவிட்டேன். ஸ்டயல் விமான நிலையத்துக்குப் பக்கம். தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்க, கீழே காட்டுக்குள் பொல்லின் ஆற்றங்கரையில் குவாரி பேங்க் ஆலை. 1784-இல் சாமுவேல் கிரெக் தொடங்கியது. இப்போது பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது.

நெசவுக் கூடத்தில் சில விசைத்தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சத்தமும் எண்ணெய் வாடையும் ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. தறியை ஓட்டிய பெரியவர், லங்காஷயர் ஆலைப் பெண்கள் இந்த இரைச்சலில் வாயசைவை வைத்தே பேசிக்கொள்வார்கள் என்று சொல்லி, வாயை அகலமாக அசைத்துக் காட்டினார். எங்கள் ஆலையில் விரலால் பேசுவோம். 'டீ', 'மேஸ்திரி வர்றார்' இரண்டுக்கும் நாங்கள் வைத்திருந்த சைகைகளைக் காட்டினேன். இரண்டாவதை மொழிபெயர்க்காமலே புரிந்துகொண்டார்.

அப்புறம் அப்ரெண்டிஸ் ஹவுஸ், வேலை பழகும் பிள்ளைகளின் விடுதி. ஆலையிலிருந்து கொஞ்சம் மேடேறினால் வெள்ளைச் சுவர், தோட்டம், பார்க்க அழகான வீடு. 1790-இல் கட்டியது. இதில் தொண்ணூறு பிள்ளைகள் வரை தங்க வைத்தார்கள், பெரும்பாலும் பெண் குழந்தைகள். அனாதைகள், ஏழைப் பிள்ளைகள். அவர்களைப் பராமரிக்கும் செலவு மிச்சம் என்று திருச்சபை வட்டார நிர்வாகங்களே ஆலைகளுக்கு ஒப்பந்தம் எழுதி அனுப்பிவிடும், லண்டன் போன்ற தூரத்து ஊர்களிலிருந்தும்கூட. பதினெட்டு, இருபத்தொன்று வயது வரை கூலி கிடையாது. சோறு, துணி, படுக்க இடம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை, ஞாயிறு கோவில், மாலையில் கொஞ்சம் எழுத்துப் படிப்பு.

பெரியவர்களை விட்டு ஏன் குழந்தைகள் என்றால், ஆற்றங்கரையில்தான் சக்கரம் சுற்றும், ஆற்றங்கரையில் ஆள் கிடையாது. இருந்த பெரியவர்களும் ஆலைக்கு வர விரும்பவில்லை. உள்ளே பூட்டி வேலை வாங்கும் இடம் அவர்களுக்குச் சிறைக்கும் ஏழை விடுதிக்கும் சமம். வரமாட்டேன் என்று சொல்ல முடியாதவர்கள் முதலில் வந்தார்கள். வேலையும் அதற்குத் தகுந்தது: அறுந்த இழையை ஒட்டுவது, எந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து பஞ்சுக் கழிவைப் பெருக்குவது. எந்திரம் நிற்காது, தவழ்கிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1806-இல் இங்கிருந்து இரண்டு பையன்கள் ஓடிப்போனார்கள். தாமஸ் பிரீஸ்ட்லிக்குப் பதின்மூன்று வயது, ஜோசப் செஃப்டனுக்குப் பதினேழு. லண்டன் வரை போய் அங்கே பிடிபட்டு நீதிபதி முன்னால் வாக்குமூலம் கொடுத்தார்கள். அதனால்தான் அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. பிரீஸ்ட்லியின் விரல் ஒன்றை எந்திரச் சக்கரம் பிய்த்துவிட்டிருந்தது. செஃப்டன் சொன்னதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். படுக்கை நன்றாக இருந்தது, ஒரு படுக்கைக்கு இரண்டு பேர், சாப்பாடு உண்டு என்கிறான். கொடுமை தாங்காமல் ஓடி வந்தேன் என்று சொல்லவில்லை. பிரீஸ்ட்லியோ அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன் என்கிறான்.

கிரெக் அந்தக் காலத்து முதலாளிகளில் நல்லவர் வரிசை. பிள்ளைகளுக்கு மருத்துவரை அமர்த்தினார், பீட்டர் ஹாலந்து என்று பெயர். மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டால் இங்கே சாப்பாடும் சுத்தமும் மேல். அதே கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்கா தீவில் கரும்புத் தோட்டமும் அதில் அடிமைகளும் இருந்தார்கள். கண்காட்சியில் இதை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆலைக்கு வந்த பருத்தியும் அடிமைகள் பறித்ததுதான், முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து, பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து. நூற்பு வேகம் கூடக் கூட அங்கே அடிமைச் சந்தை பெருத்தது.

விடுதியின் மாடியில் குட்டையான கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஸ்டயல் மறந்துவிட்டது. திண்டுக்கல், ஈரோடு, கோவை வட்டாரத்து நூற்பாலை விடுதிகள்தான் மனதில் ஓடின. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று தென் மாவட்டத்து ஏழைப் பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். வெளியே போக அனுமதி, போனில் பேச அனுமதி, எல்லாம் வார்டன் கையில். நடுவில் விட்டுப் போனால் தொகை கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆலையிலும் விடுதி இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் பேருந்திலிருந்து இறங்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். இருநூறு வருடம் தள்ளி, வேறு கண்டத்தில், அதே கணக்கு: வீட்டை விட்டுத் தள்ளிக் கூட்டி வந்தால்தான் ஆள் நிலைக்கும்.

குவாரி பேங்கில் இந்த முறை 1847-இல் நின்றது. மனசு மாறி அல்ல. சுற்றிலும் ஆலைக்காகவே வந்து குடியேறிய குடும்பங்கள் பெருகிவிட்டன, அவர்களுடைய பிள்ளைகளே போதுமானவர்களாக இருந்தார்கள். சோறு போட்டு வளர்ப்பதைவிடக் கூலி கொடுப்பது மலிவு.

மாக்கில்ஸ்பீல்டு இங்கிருந்து பக்கம்தான், போகவில்லை. ஆனால் அந்த ஊர் பார்க் கிரீன் பட்டு ஆலையில் 1810 வாக்கில் இருந்த கடிகாரத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதற்கு இரண்டு முகங்கள். ஒன்று சாதாரண நேரம். மற்றொன்று நீர்ச்சக்கரத்தோடு இணைந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து சக்கரம் மெதுவானால் அந்த முள்ளும் மெதுவாகும். 'ஆலை நேரம்' பின்தங்கிய அளவுக்குத் தொழிலாளி கூடுதலாக நின்று ஈடு கட்ட வேண்டும். மழை பெய்யாததற்கும் தொழிலாளியே பொறுப்பு.

புதன், மார்ஸ்டன்

மழை. ஹடர்ஸ்ஃபீல்டு போகும் வழியில் மலைக்கிராமம். எந்திரம் உடைத்தவர்களைப் பார்க்க வந்தேன்.

லட்டைட்டுகள் என்றால் முன்னேற்றத்துக்கு எதிரான முரடர்கள் என்பது நாம் பாடப் புத்தகத்தில் படித்தது. கதை தொடங்கியது 1811 மார்ச்சில், நாட்டிங்ஹாம் பக்கத்து ஆர்னால்டில். என் மகள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகலாம். காலுறை பின்னும் தறிகளை அங்கே உடைத்தார்கள். கூலியைக் குறைத்து மட்டமான சரக்கு பின்ன வைத்த முதலாளிகளின் தறிகளாகப் பார்த்து உடைத்தார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்தவன் தறியைத் தொடவில்லை. அந்தத் தறி அப்போதே இருநூறு வருடப் பழசு, புது எந்திரமே அல்ல.

மார்ஸ்டன் பக்கம் விஷயம் வேறு. இங்கே கம்பளித் துணியின் மேல்பரப்பைக் கத்தரித்துச் சமப்படுத்தும் தொழிலாளர்கள் இருந்தார்கள். கத்தரியே இருபது கிலோ கனம். பயிற்சி பெற்று, மணிக்கட்டில் காய்ப்பு காய்த்த பெருமைக்காரர்கள், நல்ல கூலி. அவர்களில் பலருடைய வேலையை ஒரே எந்திரம் செய்துவிடும். அந்த எந்திரத்தை மார்ஸ்டனில் செய்து விற்றவர்கள் ஈனக் டெய்லரும் அவர் சகோதரரும். அதை உடைக்கப் பயன்பட்ட பெரிய சம்மட்டியும் அதே பட்டறைத் தயாரிப்பு, அதற்குச் செல்லப் பெயரும் 'ஈனக்'. செய்தவனே உடைப்பான் என்று அப்போது சொல்லிக்கொண்டார்களாம். டெய்லர்களின் கல்லறை ஊருக்குள்ளேயே இருக்கிறது, மழையில் நின்று பார்த்தேன்.

1812 ஏப்ரலில் ராஃபோல்ட்ஸ் ஆலையைத் தாக்கித் தோற்றார்கள். அந்த மாதக் கடைசியில் மார்ஸ்டன் ஆலைக்காரர் வில்லியம் ஹார்ஸ்ஃபால் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குள் எந்திரம் உடைத்தால் தூக்கு என்று சட்டமே வந்துவிட்டது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசியும் நிற்கவில்லை. 1813 ஜனவரியில் யார்க்கில் பதினேழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

எங்கள் ஆலைக்கு ஆட்டோ டாஃபிங் ரிங் பிரேம் வந்த நாள் ஞாபகம் வந்தது. நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி மாற்றும் டாஃபிங் பெண்கள் எந்திரத்தைச் சுற்றி நின்று கைதட்டிப் பார்த்தார்கள், என்ன அழகாகக் கழற்றுகிறது என்று. யாரும் சம்மட்டி தூக்கவில்லை. சில மாதத்தில் அந்த செக்‌ஷனில் பாதிப் பேர் இல்லை. எந்திரத்தைப் பொருத்தியவர்களில் நானும் ஒருவன்.

வியாழன், மான்செஸ்டர்

காலையில் அறிவியல் தொழில் அருங்காட்சியகம். பராமரிப்பு வேலை நடப்பதால் சில கூடங்கள் மூடல். துணிக்கூடம் திறந்திருந்தது, எனக்கு அது போதும். ஆர்க்ரைட்டின் வாட்டர் பிரேம் அங்கே இருக்கிறது. மரச்சட்டம், உயரம் என் நெஞ்சு வரைதான். முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஜோடி ஜோடியாக உருளைகள். ஒவ்வொரு ஜோடியும் முந்தியதைவிட வேகமாகச் சுற்றும், அதனால் இடையில் பஞ்சுத் திரி இழுபட்டு மெலியும். கீழ் உருளையில் வரிவரியாகக் காடி, மேல் உருளைக்குத் தோல் உறை, அதை அழுத்தக் கீழே தொங்கும் எடை. கடைசியில் சுழலும் கதிர் முறுக்கேற்றும்.

எங்கள் ரிங் பிரேமில் கீழே காடி போட்ட எஃகு உருளை, மேலே தோலுக்குப் பதில் காட்ஸ் என்ற ரப்பர் உறை, எடைக்குப் பதில் ஸ்பிரிங். உருளையால் இழுக்கும் அடிப்படை அதேதான். தேய்ந்த காட்ஸை மாற்றாவிட்டால் நூல் தடிமன் ஏறி இறங்கும் என்று ஃபிட்டர் பையன்களைத் திட்டிய வார்த்தைகள் வாயில் வந்தன. இந்த எந்திரம்தான் முதல்முறையாகப் பாவுக்குத் தாங்கும் பருத்தி நூலை இங்கிலாந்தில் கொடுத்தது. முழுப் பருத்தித் துணிக்கு இருந்த தடையை 1774-இல் ஆர்க்ரைட் கூட்டம் நீக்க வைத்தது, உள்நாட்டில் நெய்த துணிக்கு மட்டும். வாசல் நமக்குச் சாத்தியே இருந்தது. இன்னும் சில பத்தாண்டுகளில் லங்காஷயர் நூலும் துணியும் நம் ஊருக்கே வந்து இறங்கின.

பிறகு மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதி வரை நடை. 1798-இல் தொடங்கிய மர்ரே சகோதரர்களின் ஆலை கால்வாய் ஓரம் நிற்கிறது. இங்கே ஆறு தேவையில்லை, நீராவி. 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாக விழுந்தது. ஆற்றைத் தேடிக் காட்டுக்குள் போன ஆலை, ஆளைத் தேடி ஊருக்குள் வந்தது. ஆள் அங்கே குவிந்துகொண்டே இருந்தார்கள்: வேலி போட்டு அடைத்துக்கொண்ட பொது நிலத்தை இழந்தவர்கள், அயர்லாந்துக்காரர்கள், தறி படுத்துப்போனவர்கள். 1801-இல் ஒரு லட்சம்கூட இல்லாத ஊர் 1851-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. சால்ஃபோர்டில் ஓர் ஆலைக்கு 1805 வாக்கில் நிலக்கரி வாயு விளக்கு போட்டார்கள். சூரியன் இறங்கினால் வேலை முடிந்தது என்ற கடைசிச் சாக்கும் போயிற்று.

வீடு? கழிவு ஓடும் முற்றத்தைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், ஈரமான நிலவறைகள். சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் 1842-இல் கொடுத்த அறிக்கையில் ஓர் அட்டவணை. மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. மேட்டுக்குடிக்கு 38. ரட்லண்ட் என்ற விவசாய மாவட்டத்தில் கூலிக்காரர்களுக்கே 38. பிள்ளைச் சாவுகள்தான் அந்தப் பதினேழுக்கு இழுத்துவிட்டன. கிராமத்துக் கூலிக்காரனும் மான்செஸ்டர் கனவானும் ஒரே வயதில் செத்தார்கள் என்பதை நின்று இரண்டாவது தடவை படித்தேன். இதே வருடம்தான் ஜெர்மன் ஆலைக் குடும்பத்துப் பையன் பிரடெரிக் எங்கெல்ஸ் அப்பாவின் தொழிலைக் கவனிக்க மான்செஸ்டர் வந்தார். செத்தம்ஸ் நூலகத்தில் அவரும் மார்க்ஸும் 1845-இல் உட்கார்ந்து படித்த மேசையைக் காட்டுகிறார்கள். இன்று ஆன்கோட்ஸ் ஆலைகளில் சொகுசுக் குடியிருப்புகள், கீழே காபிக் கடைகள். நான் குடித்த காபியின் விலையைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள்.

சாயங்காலம் பீட்டர்லூ நினைவிடம். 1819 ஆகஸ்ட் 16 அன்று இந்த மைதானத்தில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். பலர் சுற்றுக் கிராமத்து நெசவாளர்கள், குடும்பத்தோடு நல்ல துணி உடுத்தி வந்தவர்கள். கேட்டது வாக்குரிமை. இவ்வளவு பெரிய மான்செஸ்டருக்கு அப்போது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்கூடக் கிடையாது. குதிரைப்படை வாளோடு கூட்டத்துக்குள் புகுந்தது. பதினெட்டுப் பேர் வரை இறந்தார்கள், காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில்.

1832-இல் ஊருக்கு உறுப்பினர்கள் கிடைத்தார்கள், நெசவாளிக்கு வாக்கு கிடைக்கவில்லை. மறு வருடம் வந்த ஆலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ் வேலை கூடாது என்றது, பட்டு ஆலைகளுக்கு விலக்கு கொடுத்து. நாடு முழுவதற்கும் நான்கே இன்ஸ்பெக்டர்கள். அவர்களுக்கு வந்த தலைவலி, பிள்ளையின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? பிறப்புப் பதிவே அங்கே 1837-இல்தான் தொடங்கியது. மருத்துவர் உயரத்தையும் முகத்தையும் பார்த்துச் சான்று கொடுப்பார். பிறகு ஒரு பல் மருத்துவர் பல்லை எண்ணினால் வயது தெரியும் என்று அளந்து காட்டினார். பெற்றோர் பொய் சொன்னார்கள், பிள்ளையின் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது. எங்கள் பக்கமும் டாக்டர் கையெழுத்துப் போட்ட வயதுச் சான்றிதழில் பதினாறு வயதுப் பெண் பதினெட்டு ஆன கதை உண்டு.

வெள்ளி, லிவர்பூல் ரயிலில்

1830 செப்டம்பர் 15 அன்று திறந்த அதே லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதையில் போகிறேன். திறப்பு விழா அன்றே வில்லியம் ஹஸ்கிசன் என்ற அரசியல்வாதி ரயிலில் அடிபட்டு இறந்தார். சாட் மாஸ் சதுப்பில், பாதையைக் கட்டிய என்ஜினீயர் ஸ்டீவன்சன் விறகுக்கட்டும் புதரும் போட்டு மிதக்கவிட்ட தடத்தின் மேல் இன்று மின்சார ரயில் ஓடுகிறது, ஒரு குலுக்கலும் இல்லை. லிவர்பூலில் இறங்கிய பருத்தியை மான்செஸ்டருக்கு வேகமாகக் கொண்டுவரத்தான் வியாபாரிகள் பணம் போட்டார்கள். முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறியது மனிதர்கள்.

அதுவரை ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும்போது பன்னிரண்டு மணி வைத்துக்கொண்டது. ரயில் அட்டவணைக்கு அது ஒத்துவரவில்லை. 1847 வாக்கில் பெரும்பாலான ரயில் கம்பெனிகள் கிரீனிச் நேரத்துக்கு மாறின, நாட்டுக்கே அது சட்டமானது 1880-இல்தான். நம் நாட்டிலும் இதே கதை. நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம் இருக்கும் இடத்திலிருந்த வானாய்வகத்தின் மெட்ராஸ் நேரத்தை வைத்தே நெடுங்காலம் இந்திய ரயில்கள் ஓடின. பம்பாய்க்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் வீட்டில் ஒரு நேரம், ஸ்டேஷனில் ஒரு நேரம் வைத்துக்கொண்டார்கள். 1906-இல்தான் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது, அதற்குப் பிறகும் கல்கத்தாவும் பம்பாயும் பல பத்தாண்டுகள் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.